பெட்ரோல் பங்க் அருகில் வீடு. போர்வெல் தண்ணீரில் பெட்ரோல் வாடை வருகிறது. என்ன செய்வது?

முதலில் அந்தத் தண்ணீரை நிறுத்துங்கள். குளிக்கக்கூட வேண்டாம். காய்ச்சினால் சரியாகிவிடும் என்று யாராவது சொல்வார்கள். காய்ச்சினால் பெட்ரோலில் இருக்கும் பென்சீன் என்ற நச்சு ஆவியாகி, அடுப்படியில் நிற்பவரின் மூச்சில்தான் போகும். சம்ப் பக்கம் நெருப்பு கொண்டு போகாதீர்கள். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்துக்கும் ஆட்சியர் அலுவலகத்துக்கும் எழுத்தில் புகார் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள்.

இந்நேரம் உங்களிடம் "சோதித்தாயிற்று, எண்ணெய் இல்லை" என்று ஓர் அறிக்கையை நீட்டியிருப்பார்கள். நான் நிலத்தடி நீர் ஆய்வு செய்யும் ஜியாலஜிஸ்ட். ஒரு கடலோர ஊரில் அப்படி ஓர் அறிக்கையோடு மல்லுக்கட்டியிருக்கிறேன்.

அங்கே பங்குக்குப் பின்தெருவில் ஒரு அக்கா வீட்டுத் தண்ணீர் வாடை அடித்தது. எங்களுக்கு முன்பு வந்த ஆய்வுக்குழு பங்க் வளாகத்தில் கண்காணிப்புக் கிணறுகள் (நிலத்தடி நீரைச் சோதிக்கப் பைப் இறக்கிய குழிகள்) போட்டு, எண்ணெய்ப் படலம் இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டது. "தம்பி, எனக்கு மூக்கு இல்லையா?" என்று அந்த அக்கா கேட்டார்.

அந்தக் கண்காணிப்புக் கிணற்றின் வரைபடத்தைப் பார்த்ததும் விஷயம் புரிந்தது. நீர்மட்டம் சுமார் 15 அடியில் இருந்தது, பைப்பில் துளைகளோ 25 அடிக்குக் கீழேதான் ஆரம்பித்தன. பெட்ரோல் தண்ணீரைவிட லேசு. நீர்மட்டத்தின் மேலேயே பரவி நிற்கும். துளையே இல்லாத பைப்புக்குள் அது எப்படி வரும்? துளையுள்ள பகுதி நீர்மட்டத்துக்கு மேலும் கீழும் நீண்டிருக்க வேண்டும் என்று பிடிவாதமாக நின்று புதுக் கிணறு போட வைத்தேன். குறைந்தது மூன்று கிணறு, முக்கோணமாக. அப்போதுதான் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று தெரியும். அக்கா வீட்டுப் பக்கத்துக் கிணற்றில் பெய்லரை, அதாவது தண்ணீர் மொண்டு எடுக்கும் குழாயை, இறக்கித் தூக்கினோம். கண்ணாடி போன்ற அந்தக் குழாயில் கீழே தெளிந்த தண்ணீர், மேலே இரண்டு விரற்கடைக்குத் தேன் நிறத்தில் எண்ணெய். அதன் பிறகு யாரும் வாதாடவில்லை.

உடனே "எண்ணெய் கம்பெனிகளுக்கு எதிரான ஆள்" என்று என்னைச் சொல்ல வேண்டாம். பழைய டேங்க் துருப்பிடிப்பது எங்கேயும் நடக்கும். அமெரிக்காவே 1988இல் விதி போட்டு, பழைய டேங்குகளை மாற்றவோ மேம்படுத்தவோ மூடவோ 1998 வரை கெடு கொடுத்தது. எல்லாம் டேங்கிலிருந்துதான் வரும் என்றும் சொல்லவில்லை. 2013இல் தண்டையார்பேட்டை போர்வெல்களில் எண்ணெய் வந்ததற்குக் காரணம் பூமிக்கடியில் போன குழாயின் கசிவு.

தண்ணீர் மாதிரி எடுக்க வருபவரிடம் 40 மில்லி கண்ணாடிக் குப்பி இருக்கிறதா, காற்றுக்குமிழ் இல்லாமல் நிரப்பி ஐஸில் வைக்கிறாரா என்று பாருங்கள். பாதி நிரப்பிய பிளாஸ்டிக் பாட்டில் என்றால் ஆய்வகம் போய்ச் சேருவதற்குள் பென்சீன் தண்ணீரை விட்டுப் போயிருக்கும். குடிநீரில் பென்சீனுக்கு உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம்தான். அந்த அளவில் வாடையே தெரியாது.

கசிவை அடைத்ததோடு வேலை முடியாது. மிதக்கும் எண்ணெயை உறிஞ்ச வேண்டும், மண்ணிலுள்ள ஆவியை வேக்யூம் பம்ப் வைத்து இழுத்துக் கார்பன் வழியாக விட வேண்டும். மிச்சத்தை மண்ணிலுள்ள பாக்டீரியா தின்னும், ஆனால் வருடக்கணக்காகும். கோடையில் நீர்மட்டத்தோடு எண்ணெயும் இறங்கும், மழையில் ஏறும், வழியெல்லாம் மண்ணில் அப்பிக்கொள்ளும். அதனால் ஒரே ஒரு சோதனையை நம்பிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இதையும் சொல்லிவிடுகிறேன். வருடக்கணக்கில் படித்துவிட்டு ஓர் ஊருக்குப் போனால், "தேங்காய் கொண்டு வரவில்லையா சார்?" என்கிறார்கள். உள்ளங்கையில் தேங்காய் வைத்து நீரோட்டம் பார்ப்பவருக்குக் கேட்ட பணம், எங்களுக்குப் பேரம். மனசு வலிக்கிறது.

உங்கள் பகுதியில் நீர்மட்டம் எத்தனை அடி, மணலா பாறையா, பங்க் எந்தத் திசையில் என்று கருத்தில் எழுதுங்கள். கண்காணிப்புக் கிணற்றை எந்த இடத்தில் போடச் சொல்லிக் கேட்க வேண்டும் என்று சொல்கிறேன்.