வாத்தியாரைக் கேளுங்கள்: கணினியில் நெல் விளையுமா?

கேள்வி: வாத்தியாரய்யா, என் மகள் புதுச்சேரியில் உயிர்த்தகவலியல் (மரபணுத் தகவலைக் கணினியில் அலசும் படிப்பு) படிக்கிறாள். போன மாதம் ஒரு கருத்தரங்கில் நெல் மரபணுக்களை ஒப்பிட்ட ஆய்வைப் போஸ்டராக வைத்தாளாம். வயலில் கால் வைக்காமல் நெல்லுக்கு என்ன செய்துவிட முடியும்?
— சம்பா விவசாயி, காட்டுமன்னார்கோவில்

பதில்: தம்பி, அந்தக் கருத்தரங்குக்கு நானும் போயிருந்தேன். போஸ்டர்களில் பாதி, முப்பது வருஷம் தாவரவியல் நடத்திய எனக்கே விளங்கவில்லை. ஆனாலும் மகளைத் திட்டாதீர்கள்.

வீராணம் ஏரி ததும்பும் கார்த்திகையில் உங்கள் வயல் என்ன ஆகும்? என் மாமா வயலில் எட்டு நாள் தண்ணீர் நின்றது. வடிந்தபோது பயிர் உயிரோடுதான் இருந்தது. வெளிறி, நூலாய் நீண்டு, சேற்றில் படுத்துக் கிடந்தது. தூரைப் பிடித்தால் கையோடு வழுக்கிக்கொண்டு வந்தது. அடுத்த வாரம் எல்லாம் அழுகிப்போச்சு.

மூழ்கிய செடிக்குள் எத்திலீன் சேரும். மாம்பழத்தைப் பழுக்க வைக்கும் அதே வாயு. உடனே செடி தலையை வெளியே நீட்டத் துடிக்கும். இருக்கிற மாவுச்சத்தையெல்லாம் நீளுவதிலேயே செலவழித்துவிட்டு, தண்ணீர் வடியும்போது ஓட்டாண்டியாய் நிற்கும். ஒடிசாவின் எஃப்.ஆர்.13ஏ என்ற நெல் ரகம் அப்படியில்லை. வளர்ச்சியை நிறுத்தி, இரண்டு வாரம் போல அடங்கிக் கிடந்து, தண்ணீர் போனதும் துளிர்க்கும்.

இந்தக் குணம் பழைய சேதிதான். ஆனால் நம் ரகத்தோடு கலப்பு செய்தால் எஃப்.ஆர்.13ஏ-யின் வேண்டாத குணங்களும் கூடவே வந்து ஒட்டிக்கொள்ளும். நெல் மரபணுத் தொகுதியில் ஏறத்தாழ 39 கோடி டி.என்.ஏ. எழுத்து; அவை 12 குரோமோசோம்களில் அடங்கியிருக்கின்றன. அதில் 9-ஆவது குரோமோசோமில்தான் விஷயம் இருக்கிறது என்று 1996-இல் இடம் குறித்தார்கள். சப்1ஏ என்ற மரபணுவையே 2006-இல் பிடித்தார்கள். முகவரி தெரிந்தபின், நாற்றின் இலையைக் கிள்ளிச் சோதித்தே வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதைக் கழிக்கலாம். கதிர் வரும்வரை காத்திருக்க வேண்டாம். தமிழ்நாடு வேளாண் பல்கலைக்கழகம் கொடுத்த, அந்த மரபணு சேர்ந்த சி.ஆர்.1009 சப்-1 நெல் அந்த வழியில் வந்ததுதான்.

2018-இல் 3,010 நெல் வகைகளின் மரபணு வரிசையை ஒப்பிட்டு வெளியிட்டார்கள். அத்தனை எழுத்தையும் கண்ணால் படிக்க முடியாது; கணினிதான் படிக்க வேண்டும். உங்கள் மகள் படிப்பு அங்கேதான் வேண்டியிருக்கிறது. நம் ஊரில் வெள்ளம் தாங்கும் ஒரு பழைய நெல்லுக்கு மடுமுழுங்கி என்றே பேர். பேர் வைத்தவரிடம் கணினி இல்லைதான்! ஆனால் எந்த எழுத்து அந்த வேலையைச் செய்கிறது என்று அவருக்கும் தெரியாது. மகளை ஒருநாள் வயலுக்குக் கூட்டிப்போய் மூழ்கின பயிரைத் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். போஸ்டரில் அந்தச் சேறு மட்டும் இல்லை.

கேள்வி: அப்படியானால் சப்-1 நெல் மரபணு மாற்றுப் பயிரா?
— வாசகி, பாகூர்

பதில்: இல்லையம்மா. நெல்லோடு நெல்லைக் கலப்பு செய்ததுதான்; வெளி மரபணு எதையும் புகுத்தவில்லை. வீரிய ஒட்டு ரகமும் இல்லை. விதைநெல் எடுத்து வைத்து அடுத்த பட்டத்துக்கு விதைக்கலாம். களத்தில் வேறு நெல் கலக்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.