டப்ளினுக்குப் பக்கத்தில் மலைப்பகுதியில் இரண்டு மூன்று நாள் தங்கி நடக்க எந்த இடம் நல்லது? அம்மா அப்பாவும் உடன் வருகிறார்கள்

யோசிக்கவே வேண்டாம், விக்லோ மலைகளுக்குப் போங்கள். டப்ளினிலிருந்து தெற்கே காரில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். லாரா என்ற சின்ன ஊரிலோ அதைச் சுற்றியுள்ள பண்ணை வீடுகளிலோ அறை எடுத்துக்கொள்ளுங்கள், சமையலறை உள்ள வீடு கிடைத்தால் இன்னும் நல்லது, அங்கே கடைகள் குறைவு என்பதால் அரிசி பருப்பை டப்ளினிலேயே வாங்கிக்கொண்டு போய்விடலாம். லாராவிலிருந்து கிளெண்டலாக் பள்ளத்தாக்கு நடந்தே போகிற தூரம்தான்.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்வேன். பலரும் கிளெண்டலாக்குக்குக் காலையில் போய் மாலையில் டப்ளின் திரும்பிவிடுகிறார்கள், நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள். சுற்றுலாப் பேருந்துகள் முற்பகலில் கூட்டத்தை இறக்கிவிட்டு, சாயங்காலத்துக்குள் ஏற்றிக்கொண்டு கிளம்பிவிடும். அதற்கு முன்னாலும் அதற்குப் பின்னாலும்தான் அந்த இடம் அருமையாக இருக்கும். ஜூன் மாதத்தில் இரவு பத்து மணி வரை வெளிச்சம் உண்டு, சாப்பிட்டுவிட்டுக்கூட ஏரிக்கரைக்கு ஒரு நடை போய் வரலாம், அந்த நேரத்தில் கரையில் பெரும்பாலும் நான்கு பேர்கூட இருக்க மாட்டார்கள்.

அம்மா அப்பாவுக்கு முதல் நாள் கிளெண்டலாக்கில் உள்ள பழைய மடாலயமே போதும். ஆறாம் நூற்றாண்டில் கெவின் என்ற துறவி தொடங்கிய மடம் அது, இப்போது இடிந்த தேவாலயங்களும் கல்லறைகளும் நடுவே ஒரு வட்டக் கோபுரமும் நிற்கின்றன. கோபுரம் சுமார் 30 மீட்டர் உயரம், வாசல் தரையிலிருந்து மூன்று மீட்டருக்கும் மேலே இருக்கும், அப்பா கட்டாயம் ஏன் என்று கேட்பார்! ஆபத்துக் காலத்தில் ஏணியை உள்ளே இழுத்துக்கொள்ளத்தான் என்பது பழைய விளக்கம். மணியடிக்கும் கோபுரமாகவும் அது பயன்பட்டிருக்கிறது. உச்சிக் கூரையை மட்டும் 1876இல் பழைய கற்களைக் கொண்டே திரும்பக் கட்டினார்கள். அங்கிருந்து கீழ் ஏரி வழியாக மேல் ஏரி வரை கிட்டத்தட்ட சமதளமான பாதை இருக்கிறது, முட்டிவலி உள்ளவர்களும் மெதுவாகப் போய்விடலாம்.

உங்களுக்கு ஸ்பிங்க். மேல் ஏரியின் தெற்குப் பக்கம் செங்குத்தாக நிற்கும் மலைமுகடு அது. வெள்ளை அம்புக்குறிகளைப் பின்பற்றிப் போனால் மொத்தச் சுற்று சுமார் 9 கிலோமீட்டர், நிதானமாக நடந்தால் நாலு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். முதலில் பூலனாஸ் அருவியை ஒட்டி ஏற்றம், அப்புறம் காட்டுக்குள் நூற்றுக்கணக்கான மரப்படிகள், மூச்சு வாங்கும், நின்று நின்று ஏறுங்கள். இந்தப் பக்கமாக ஏறி மறுபக்கம் இறங்குவதையே நான் எப்போதும் சொல்வேன், ஈரமான மரப்படிகளில் இறங்குவது முட்டிக்கு நல்லதில்லை. காட்டை விட்டு வெளியே வந்ததும் காற்று முகத்தில் அறையும், கீழே மொத்த ஏரியும் கறுப்பாக நீண்டு கிடக்கும். அதன்பிறகு பாதை முழுக்கப் பழைய ரயில் தண்டவாளக் கட்டைகளைப் போட்டு அமைத்தது. கட்டையை விட்டு இறங்காதீர்கள். அந்த மலைமேல் இருப்பது சாதாரண மண் இல்லை, பாசியும் புல்லும் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் நீரில் ஊறி முழுசாக மட்காமல் சேர்ந்த கரிமண், கால்பட்டு மேல்தோல் கிழிந்தால் மழை அதை அரித்துக்கொண்டே போகும். நடப்பவர்கள் அழித்துவிடக் கூடாது என்றுதான் அந்தக் கட்டைகளையே போட்டிருக்கிறார்கள்.

முகட்டைத் தாண்டி கிளெனீலோ பள்ளத்தாக்கில் இறங்கும்போது மான் கூட்டத்தைப் பார்க்க நல்ல வாய்ப்பு உண்டு. கீழே வந்தால் ஈயச் சுரங்கத் தொழிலாளர்களின் கல் வீடுகள் இடிந்து கிடக்கும், 19ஆம் நூற்றாண்டில் நூற்றுக்கணக்கானவர்கள் வேலை செய்த இடம். எனக்கு மடாலயத்தைவிட இந்தக் கற்குவியலே மனதில் அதிகம் நிற்கிறது. அந்தக் குளிரில், அந்தக் காற்றில் தினமும் மலையைக் குடைந்தவர்களை நினைக்காமல் அங்கே நிற்க முடியாது. அங்கிருந்து ஏரிக்கரையோரமாகச் சமதளத்தில் திரும்பிவிடலாம்.

மேகம் மலைமேல் இறங்கியிருந்தால் ஸ்பிங்க்கை அடுத்த நாளுக்குத் தள்ளுங்கள். தங்கிப் போவதன் பெரிய லாபமே இதுதான், வானிலைக்கு ஏற்ப நாளை மாற்றிக்கொள்ளலாம். மழை நாளில் பவர்ஸ்கோர்ட் அருவிக்குப் போங்கள், 121 மீட்டர், மழைக்குப் பிறகுதான் அது முழு வேகத்தில் விழும்.

வெயில் அடிக்கும் ஒரு நாளைக் கார் பயணத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள். லாராவிலிருந்து வடக்கே சாலி கேப் என்ற கணவாய் வழியாகப் போவது ராணுவச் சாலை. பிரிட்டிஷ் ஆட்சியை எதிர்த்து 1798இல் நடந்த கிளர்ச்சிக்குப் பிறகு இந்த மலைகளில் ஒளிந்திருந்த கிளர்ச்சிக்காரர்களைப் பிடிக்கப் பிரிட்டிஷ் அரசு போட்டது. குறுகலான சாலை, நடுவில் ஆடுகள் படுத்திருக்கும், மெதுவாக ஓட்டுங்கள். சாலி கேப்பில் கிழக்கே திரும்பினால் லாக் டே ஏரி மேலிருந்து தெரியும். கறுத்த தண்ணீர், ஒரு முனையில் மட்டும் வெள்ளை மணல். ஏரியைச் சுற்றியுள்ளது தனியார் நிலம், கீழே இறங்க முயல வேண்டாம், மேலிருந்து பார்ப்பதே போதும். ஆகஸ்டில் போனால் மலைச்சரிவு முழுக்க ஹெதர் என்ற குறுஞ்செடி பூத்து ஊதா நிறமாக இருக்கும். பக்கத்தில் ஜௌஸ் மலைக்கு (725 மீட்டர்) ஏறும் வழியில் ஜே. பி. மலோனின் நினைவுக்கல் இருக்கிறது. விக்லோ வே என்ற நெடுநடைப் பாதைக்கு வித்திட்டவர் அவர், அயர்லாந்தின் முதல் குறியிட்ட நெடும்பாதை அதுதான். அங்கே இரண்டு நிமிடம் நின்றுவிட்டுப் போங்கள்.

லக்னகுவில்லா மலையை (925 மீட்டர்) பற்றியும் யாராவது சொல்வார்கள். பழக்கமில்லாமல் தனியாகப் போகாதீர்கள். உச்சி அகலமான சமவெளி, இரண்டு பக்கமும் பாறைச் சரிவு, மூடுபனியில் திசை தெரியாது. மேற்குப் பக்கம் ராணுவத்தின் பீரங்கிப் பயிற்சி நிலமும் இருக்கிறது.

குடை வேண்டாம், காற்றில் நிற்காது, நல்ல மழைக்கோட்டு வாங்குங்கள். ஜீன்ஸ் நனைந்தால் காயாது. புல்லில் நடந்துவிட்டு வந்தால் காலில் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள், லைம் என்ற நோயைப் பரப்பும். பாம்பு பயம் மட்டும் வேண்டாம், அயர்லாந்தில் காட்டுப் பாம்பே கிடையாது, அம்மாவிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். பல இடங்களில் போன் சிக்னல் இருக்காது, அதனால் எந்தப் பாதையில் போகிறீர்கள் என்று தங்குமிடத்தில் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். ஆபத்தென்றால் 112 அல்லது 999, மலை மீட்புக் குழு வேண்டும் என்று கேளுங்கள்.

எந்த மாதம் வருகிறீர்கள் என்று எழுதவில்லையே. டிசம்பர் என்றால் மாலை நாலரைக்கே இருட்டிவிடும், ஸ்பிங்க் நடையைக் காலையிலேயே தொடங்க வேண்டும். மே அல்லது செப்டம்பருக்கு மாற்ற முடிந்தால் மாற்றுங்கள்.