துருக்கி ரொட்டியில் பிட்சா: டோர்ட்முண்டுக்குப் புதிதாக வந்த தம்பிக்கு

தம்பி, ஜெர்மனியில் டோர்ட்முண்டுக்கு இப்போதுதான் வந்திருக்கிறீர்கள், விடுதிச் சமையலறையில் ஓவன் இருக்கிறது, மாவு பிசைந்து புளிக்க வைக்கப் பொறுமை இல்லை, கடையில் விற்கும் தட்டை ரொட்டியை அடியில் வைத்து பிட்சா செய்யலாமா, இத்தாலிக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்களா என்று கேட்டிருக்கிறீர்கள். கூடவே பகுதிநேர வேலை, ஜெர்மன் மொழி, குளிர்கால ஜாக்கெட் என்று ஏகப்பட்ட கேள்விகள். அதற்கெல்லாம் பதில் சொல்ல நிறையப் பேர் இருக்கிறார்கள். வேலைக்கு ஒரே வரி: மாணவர் விசாவில் ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள், அதைத் தாண்ட வேண்டாம். ஊரில் வாங்கி வந்த ஜாக்கெட் பத்தாது. மொழி தானாக வராது, வகுப்புக்குப் போங்கள். சரி, ரொட்டிக்கு வருவோம்.

தாராளமாகச் செய்யலாம். கைநிறையச் சம்பளம் வாங்கும் இந்தக் காலத்திலும் எங்கள் வீட்டில் அதுதான் நடக்கிறது. ஆனால் சூப்பர்மார்க்கெட்டில் பிளாஸ்டிக் உறையில் 'நான்' என்று எழுதி விற்பதை எடுக்காதீர்கள். லேசாக இனிக்கும், விலையும் கூடுதல். மியூன்ஸ்டர்ஸ்ட்ராஸ என்ற தெருப் பக்கம் நடந்து போங்கள், துருக்கிக் கடைகள் இருக்கின்றன. எள்ளும் கருஞ்சீரகமும் தூவி, சாப்பாட்டுத் தட்டை விடப் பெரிதாக ஒரு வட்ட ரொட்டி அடுக்கி வைத்திருப்பார்கள். ஃபிளாடன்புரோட் என்று கேட்டால் போதும். இரண்டு விரல் தடிமன் இருக்கும். அதை அப்படியே முழுசாக வைத்துச் சுட்டால் மேலே சீஸ் கருகும், நடுவில் பஞ்சு மாதிரி சவசவ என்று கிடக்கும். படுக்கைவாக்கில் பிளக்க வேண்டும். உள்ளங்கையால் மேலே லேசாக அழுத்திக்கொண்டு, பல் வைத்த கத்தியை ஓரத்தில் விட்டு, ரொட்டியைத் திருப்பித் திருப்பி நடுவை நோக்கி அறுங்கள். இரண்டு தட்டு கிடைக்கும். பொதுவாக இருவருக்குப் போதும், மாணவன் என்றால் ஒருவனுக்கு.

ஈரம்தான் இதில் எதிரி. இது ஏற்கெனவே வெந்த ரொட்டி, சாஸை ஊற்றியதும் குடித்துவிடும். அதனால் ஓவனை 220 டிகிரிக்கு வைத்து, ஓவன் தட்டையும் உள்ளேயே சூடாக்கி, அறுத்த பக்கம் மேலே இருக்கும்படி ரொட்டியை மட்டும் இரண்டு மூன்று நிமிடம் காய விடுங்கள். தொட்டால் மொறுமொறு என்று இருக்க வேண்டும். அப்புறம்தான் சாஸ். அட்டைப் பெட்டியில் வரும் அரைத்த தக்காளியை அப்படியே தடவாதீர்கள். பூண்டை எண்ணெயில் வதக்கி, தக்காளியை ஊற்றி, நம் வீட்டுத் தொக்குக்கு முந்தைய பதம் வரை சுண்ட வையுங்கள். கொஞ்சம் மிளகாய்த்தூள் போட்டால் யாரும் போலீஸில் சொல்ல மாட்டார்கள். பரப்பி, சீஸ் தூவி, ஆறு முதல் எட்டு நிமிடம். சீஸ் உருகிப் பொரிந்தால் வேலை முடிந்தது, அடியை வேக வைக்க வேண்டியதில்லையே.

சீஸ் விஷயத்தில் கவனம். தண்ணீரில் மிதக்கும் மொசரெல்லா உருண்டையை வாங்கினால் பிய்த்து, சமையலறைத் தாளில் ஒற்றி எடுக்காமல் போடக் கூடாது, ரொட்டி குளமாகிவிடும். துருவிய கௌடா மலிவு, தொந்தரவும் இல்லை. சைவம் என்றால் இன்னொன்று: அசல் பார்மேசான் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுக்கும் நொதி சேர்த்துத்தான் செய்யப்படுகிறது, அது அவர்கள் விதி. மற்ற சீஸ்களில் உறையில் 'மைக்ரோபியல்', அதாவது நுண்ணுயிரிலிருந்து எடுத்த நொதி, என்று போட்டிருந்தால் பயமில்லை. மேலே இறைச்சி போடுவதானால், இங்கே வெறுமனே சலாமி என்றால் பெரும்பாலும் பன்றி. துருக்கிக் கடையில் கிடைக்கும் சுஜுக் என்ற காரத் தொத்திறைச்சி பெரும்பாலும் மாடு. எது உங்களுக்கு ஆகும், ஆகாது என்பது உங்கள் பாடு, ஆனால் சாப்பிட்ட பிறகு என்னிடம் வந்து அழக் கூடாது.

நான் முக்கியமாகச் சொல்ல வந்தது புகை. ரொட்டிக்கு அடியில் விரிக்கும் பேக்கிங் தாளின் பெட்டியில் எத்தனை டிகிரி வரை தாங்கும் என்று அச்சிட்டிருக்கும், சாதாரணமாக 220. அதற்கு மேல் போனால் ஓரம் கருகும். சீஸ் வழிந்து ஓவன் அடியில் விழுந்தாலும் புகைதான். புகை வந்தால் ஜன்னலைத் திறங்கள், நடைபாதைக் கதவைத் திறக்கவே திறக்காதீர்கள்! நம் ஆட்கள் எல்லோரும் கதவைத்தான் திறப்பார்கள். நடைபாதையில்தான் புகை உணர்கருவி இருக்கிறது, பல விடுதிகளில் அது நேரே தீயணைப்புத் துறைக்கு மணி அடிக்கும். நான் இருந்த விடுதியில் ஒருவர் மிளகாய் தாளித்துவிட்டுக் காற்றோட்டத்துக்காகக் கதவைத் திறந்து வைத்தார். டிசம்பர் ராத்திரி, மொத்தக் கட்டிடமும் செருப்போடு பனியில் நின்றது. நிர்வாகம் செலவை அவர் தலையில்தான் கட்டியது. அதற்கப்புறம் வந்த தமிழ் மாணவர்கள் எல்லோரையும் அந்தத் தளத்தில் சந்தேகமாகவே பார்த்தார்கள்.

வந்த புதிதில் எனக்கு இதையெல்லாம் சொல்ல ஆள் கிடையாது. சீனியர்கள் இருந்தார்கள். எந்த வங்கி, எந்த சிம் என்று மணிக்கணக்காகப் பேசுவார்கள், சாப்பாடு என்றால் உறைய வைத்த பிட்சாப் பெட்டியைக் காட்டுவார்கள். இப்போது வருகிறவர்கள் இன்னொரு ரகம். பெட்டியில் பாதி சாம்பார் பொடி, வாட்ஸ்அப் குழுவில் நாள் முழுக்க 'இந்த ஊரில் நல்ல சாப்பாடே இல்லை' என்று புலம்பல், ராத்திரி ஆனால் வீட்டுக்கே வரவழைத்து இருபது யூரோ தண்டம். துருக்கிக் கடை வாசலை மிதிக்க மாட்டார்கள், என்ன கௌரவமோ. ஈழத்திலிருந்து எண்பதுகளில் வந்தவர்கள் பலர் அப்படி இருக்கவில்லை. உணவகங்களில் பாத்திரம் கழுவி, கிடைத்த சாமானில் சமைத்துப் பழகி, பிறகு ஹாம் நகரில் கோபுரம் வைத்து காமாட்சி அம்மனுக்குக் கோயிலே கட்டினார்கள்.

இத்தாலிக்காரர் கேள்விக்கும் அதுதான் பதில். ஜெர்மனியின் முதல் பிட்சாக் கடை என்று பெயர் பெற்றது வூர்ட்ஸ்புர்க்கில் 1952இல் ஓர் இத்தாலியர் திறந்தது. அங்கே இருந்த அமெரிக்கச் சிப்பாய்கள்தான் ஆரம்பத்தில் அவருக்கு வாடிக்கை. 1961இல் ஒப்பந்தம் போட்டு வேலைக்கு வந்த துருக்கியர்களோடு இந்த ரொட்டியும் ஊரெங்கும் பரவியது. வந்தேறிகள் கொண்டுவந்த இரண்டை வந்தேறிகளான நாம் ஒட்டுகிறோம், இதில் யார் யாரைப் பார்த்துச் சிரிப்பது? என் தளத்தில் இத்தாலியின் பாரி நகரத்துப் பையன் ஒருவன் இருந்தான். நான் செய்ததை வாயில் வைக்க மாட்டான், ஆனால் மொசரெல்லாவை ஒற்றி எடுக்கச் சொல்லித் தந்தவன் அவன்தான்.

ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும், ரயில் நிலையக் கடைகளில் விலை எகிறும். சனிக்கிழமையே ரொட்டியை வாங்கி, அன்றைக்கே பிளந்து ஃப்ரீசரில் போடுங்கள். மறுநாள் வரை வெளியில் வைத்தால் விறைத்துவிடும். ஃப்ரீசரிலிருந்து நேரே ஓவனுக்குப் போகலாம், மைக்ரோவேவ் வேண்டாம், ரப்பராகிவிடும்.

மேலே என்ன போடுவது என்று நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். ஈழத்தமிழர் கடையில் போத்தலில் சீனிச் சம்பல் கிடைக்கும், வெங்காயத்தை இனிப்பும் காரமுமாக வதக்கிய தொக்கு மாதிரி. எனக்கு அதைக் காட்டியது கடைக்கார அக்காதான். நான் பிட்சாப் பெட்டிகளை அடுக்கிக்கொண்டு போவதைப் பார்த்து, "உதுக்குக் காசைக் கரியாக்காதேங்கோ தம்பி, இந்தச் சம்பலை ரொட்டியில பூசிச் சீஸப் போட்டுப் பாருங்கோ" என்றார். தக்காளி சாஸை மெலிதாகத் தடவி, அதன் மேல் ஒரு கரண்டி சம்பல், பிறகு கௌடா. சிலதில் மாசிக் கருவாடு சேர்த்திருப்பார்கள், சைவம் என்றால் கேட்டு வாங்குங்கள்.