மாமாவின் மேடையில் தம்பியின் சீருடை

கொட்டாஞ்சேனையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "என் தம்பி ஆறு வருடமாகக் கடற்படையில் இருக்கிறான். இப்போது வெலிசரவில் வேலை. எங்கள் தாய்மாமா இங்கே ஒரு கட்சியின் வட்டார அமைப்பாளர். மே தினத்தன்று தம்பிக்கு லீவு கிடைக்கும்போல் இருக்கிறது. 'நம்ம பொடியன் ஒருத்தன் நேவியில இருக்கிறான் எண்டு சனம் பார்க்கட்டும். யூனிஃபோர்மோட வந்து மேடையில இருந்தாப் போதும், பேசத் தேவையில்ல' என்கிறார் மாமா. அது முடியாவிட்டால் சாதாரண உடுப்பிலாவது ஊர்வலத்தில் எங்களோடு நடக்கட்டும் என்கிறார். அமெரிக்காவில் படையினர் கட்சிக் கூட்டத்துக்குப் போகலாமாம், தம்பி இணையத்தில் பார்த்திருக்கிறான். அப்பா போன பிறகு எங்களை வளர்த்தவர் மாமாதான். மறுத்தால் மனம் நோகும். என்ன செய்வது?"

சகோதரி, சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். சீருடையோடு மேடையில் உட்காரவே கூடாது. சாதாரண உடுப்பில் ஊர்வலத்தில் நடப்பதும் வேண்டாம். மாமா வீட்டுக்குப் போகலாம், அவரோடு ஒரே மேசையில் சாப்பிடலாம், அவருடைய கட்சிக்கே வாக்கும் போடலாம். அதை யாரும் தடுக்க முடியாது. காரணத்தைச் சொல்லாமல் வெறுமனே "ஏலாது" என்றால் மாமா அதை மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வார். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் சட்டம். பேச்சுரிமை, கூட்டம் கூடும் உரிமை, சங்கம் சேரும் உரிமை எல்லாவற்றையும் இலங்கை அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பிரசைகளுக்குத் தருகிறது. உங்கள் தம்பியும் பிரசைதான். ஆனால் 15ஆம் உறுப்புரையின் 8ஆம் பந்தி, படையினருக்கும் பொலிஸாருக்கும் இந்த உரிமைகளைச் சட்டத்தின் மூலம் மட்டுப்படுத்தலாம் என்கிறது. கடமையைச் சரிவரச் செய்வதற்காகவும் அவர்களுக்குள் கட்டுப்பாட்டைப் பேணுவதற்காகவும் என்று காரணத்தையும் அங்கேயே சொல்லிவிடுகிறது. 91ஆம் உறுப்புரை இன்னும் ஒரு படி மேலே போகிறது. முப்படைகளின் நிரந்தரப் படையில் இருப்பவர் பாராளுமன்றத் தேர்தலில் நிற்கவே முடியாது. வேலையை விட்டுவிட்டுத்தான் வர வேண்டும்.

அதற்குக் கீழே படைச் சட்டங்கள். உங்கள் தம்பிக்குப் பொருந்துவது 1950ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கக் கடற்படைச் சட்டமும் அதன் கீழ் வரும் ஒழுங்குவிதிகளும். இந்த மாதிரிச் சட்டங்களில் 'நல்லொழுங்குக்கும் படைக் கட்டுப்பாட்டுக்கும் பங்கமான செயல்' என்று அகலமான ஒரு குற்றச்சாட்டு இருக்கும். வலை மாதிரி அது, பெரிய மீனும் விழும், சின்ன மீனும் விழும். கட்சி மேடையில் சீருடையோடு உட்கார்ந்த ஒரு மாலுமியை அதற்குள் கொண்டுவர எந்தக் கட்டளை அதிகாரிக்கும் அதிக நேரம் தேவைப்படாது. மேடையில் பேசினாரா இல்லையா என்று அங்கே யாரும் கேட்கவும் மாட்டார்கள்.

இது ஏட்டுச் சுரைக்காய் இல்லை. நம் கண்ணெதிரே நடந்த கதை ஒன்று இருக்கிறது. 2009இல் போர் முடிந்தபோது இராணுவத் தளபதியாக இருந்தவர் சரத் பொன்சேகா. அதன் பிறகு பாதுகாப்புப் படைகளின் பிரதானி ஆனார். அந்த ஆண்டு நவம்பரில் பதவி விலகி, எதிரணியின் பொது வேட்பாளராக நின்றார். 2010 ஜனவரி 26 ஜனாதிபதித் தேர்தலில் தோற்றார். பெப்ரவரி 8இல் கைதானார். சேவையில் இருந்தபோதே அரசியலில் ஈடுபட்டார் என்பதுதான் முதலாவது இராணுவ நீதிமன்றத்தில் அவர்மீது வந்த குற்றச்சாட்டு. அந்த ஆண்டு ஆகஸ்டில் அவருடைய பதவிநிலை, பதக்கங்கள், ஓய்வூதியம் மூன்றும் போயின. கொள்வனவு தொடர்பான இன்னொரு இராணுவ நீதிமன்றம் சிறைத் தண்டனை கொடுத்தது. 2015இல் ஆட்சி மாறிய பிறகுதான் பறிபோனவை திரும்பி வந்தன, ஃபீல்ட் மார்ஷல் பட்டமும் கிடைத்தது.

அந்தத் தண்டனையில் பழிவாங்கல் இருந்தது என்று அன்றும் பலர் சொன்னார்கள், இன்றும் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைக்கிறேன். (அந்தத் தேர்தலில் தமிழ்த் தேசியக் கூட்டமைப்பு அவரைத்தான் ஆதரித்தது. போர் முடிந்து ஒரு வருடம்கூட ஆகாத நேரத்தில், அந்தப் போரை நடத்திய தளபதிக்குத் தமிழர்கள் வாக்களித்த அந்த நாளை நினைத்தால் எனக்கு இன்னும் நெஞ்சு கனக்கும்.) ஆனால் பழிவாங்க நினைத்தவர்களின் கைக்கு ஆயுதம் கொடுத்தது எது என்று பாருங்கள். சேவையில் இருப்பவர் அரசியல் செய்யக் கூடாது என்ற விதிதான். நான்கு நட்சத்திர ஜெனரலுக்கே அந்த விதியிலிருந்து தப்ப முடியவில்லை. அவருக்காகக் கத்தவாவது ஒரு கட்சியும் நாலு பத்திரிகைகளும் இருந்தன. ஆறு வருட சேவையுள்ள ஒரு மாலுமிக்காக யார் கத்துவார்கள்? ஆட்சி மாறினால், இன்று கைதட்டுபவர்களே நாளைக்கு அந்தப் படத்தைப் பார்த்து முகம் சுளிப்பார்கள்.

சரி, தம்பி இணையத்தில் பார்த்த அமெரிக்க விஷயத்துக்கு வருவோம். அவர் பார்த்தது பொய்யில்லை, பாதிதான். அமெரிக்கப் பாதுகாப்புத் திணைக்களம் 2008இல் வெளியிட்ட 1344.10 என்ற பணிப்புரை இதைப் பற்றியது. முழுநேரச் சேவையில் இருப்பவர் சீருடை இல்லாமல், வெறும் பார்வையாளராகக் கட்சிக் கூட்டத்துக்குப் போகலாம் என்று அது சொல்கிறது. படை அந்தக் கட்சியை ஆதரிக்கிறது என்ற தோற்றம் வரக் கூடாது என்ற நிபந்தனையும் கூடவே இருக்கிறது. அதே பணிப்புரை கட்சி மேடையில் பேசுவதைத் தடுக்கிறது. கட்சி ஊர்வலத்தில் நடப்பதையும் வண்டியில் ஏறிப் போவதையும் தடுக்கிறது. ஆகவே அமெரிக்க விதியைப் பிடித்துக்கொண்டாலும் மாமா கேட்கும் இரண்டில் ஒன்றுக்கும் அங்கே இடமில்லை.

இந்தியாவில் பார்வையாளராகப் போவதற்கே கதவு இல்லை. கட்சி அல்லது அரசியல் நோக்கத்துக்காக நடக்கும் கூட்டத்துக்குப் போகவோ, பேசவோ, பங்கெடுக்கவோ கூடாது என்று அங்குள்ள 1954ஆம் ஆண்டின் இராணுவ விதிகளில் 20ஆம் விதி சொல்கிறது. சாதாரண உடுப்பில் ஓரமாக நின்று பார்க்கலாமா என்பதில்தான் நாட்டுக்கு நாடு வித்தியாசம். நம் படைகளின் பழக்கவழக்கம் இந்தியாவுடையதைப் போலவே பிரித்தானியர் காலத்து வழியில் வந்தது. எழுத்தில் அனுமதி கையில் இல்லாதவரை, இந்தியக் கணக்கையே பின்பற்றச் சொல்லுங்கள் என்பதுதான் என் ஆலோசனை.

இதுவரை சொன்னது தண்டனைக்குப் பயந்து ஒதுங்குவதைப் பற்றி. தண்டனையே இல்லை என்று வைத்தாலும் நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

"பேசத் தேவையில்ல" என்று மாமா சொன்னாரே, அந்த ஒரு சொல்லை யோசித்துப் பாருங்கள். தம்பி என்ன நினைக்கிறான் என்பது அந்த மேடைக்குத் தேவையில்லை. அவன் கெட்டிக்காரனா, நல்லவனா என்பதும் தேவையில்லை. வெள்ளை உடுப்பும் தொப்பியும் சனத்துக்குத் தெரிந்தால் போதும். அந்த உடுப்பின்மேல் சனம் வைத்திருக்கும் நம்பிக்கையை ஒரு பின்னேரத்துக்குக் கட்சி இரவல் கேட்கிறது. அந்த நம்பிக்கையைச் சேர்த்தவர்கள் வேறு ஆட்கள். 2016 மே மாதம் களனி ஆறு பெருக்கெடுத்து வெல்லம்பிட்டியும் கொலன்னாவையும் தண்ணீருக்குள் போனபோது, கடற்படைப் படகுகள் சந்து சந்தாகப் போய் ஆட்களை ஏற்றின. கூரையில் நின்ற எவரும் படகில் வந்தவன் எந்தக் கட்சி என்று கேட்கவில்லை. படகில் இருந்தவனும் கூரையில் நின்றவர்களை அப்படிக் கேட்கவில்லை. அடுத்த வெள்ளம் வரும்போதும் அப்படியே இருக்க வேண்டும் என்றால், அந்த உடுப்பு எந்த நிறக் கொடிக்குக் கீழேயும் தெரியக் கூடாது.

தமிழ் பேசும் நமக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். சீருடையைப் பார்த்துப் பயந்த காலம் நம்மில் பலருக்கு உண்டு. படைக்காரர் ஆட்சியில் இருக்கும் கட்சியின் ஆளோ என்ற சந்தேகத்தோடு வாக்குச்சாவடிக்குப் போன ஊர்கள் நமக்குத் தெரியும். அந்த வேதனையைத் தெரிந்த நாமே, நம் கட்சி, நம் பிள்ளை என்று வந்தவுடன் மேடையைத் திறந்துவிட்டால், நாளைக்கு இன்னொரு மேடையில் இன்னொரு சீருடை ஏறும்போது எந்த வாயால் கேள்வி கேட்பது?

மாமாவின் பெருமையை நான் குறைத்துப் பேசவில்லை. அந்தப் பெருமைக்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. இலங்கை இராணுவத்தின் முதலாவது உள்நாட்டுத் தளபதி ஒரு தமிழர், அன்ரன் முத்துக்குமாரு, 1955இல் பதவியேற்றார். 1960 முதல் 1970 வரை கடற்படைத் தளபதியாக இருந்தவரும் தமிழரே, ராஜன் கதிர்காமர். அவருக்கு முன்பு அந்தப் பதவியில் இருந்த ரொய்ஸ் டி மெல் 1962 ஜனவரி சதி முயற்சியில் குற்றஞ்சாட்டப்பட்டவர்களில் ஒருவர். படையிலும் பொலிஸிலும் இருந்த அதிகாரிகள் சிலர் அரசைக் கவிழ்க்கத் திட்டம் போட்ட அந்த விவகாரத்துக்குப் பிறகு, அரசு படைகளைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்கியது. ஆட்சேர்ப்பும் பதவி உயர்வும் மெல்ல மெல்லச் சிங்கள பௌத்தர் பக்கம் சாய்ந்தன. அப்புறம் வந்த போர் மிச்சத்தையும் முடித்தது. இன்று கொட்டாஞ்சேனைப் பொடியன் ஒருவன் கடற்படையில் இருப்பது ஊரே திரும்பிப் பார்க்கும் செய்தியானது அதனால்தான். அதிகாரிகள் அரசியலுக்குள் கையை விட்டதால் அவர்களோடு சேர்ந்து சிறுபான்மையினருக்கும் கதவு சாத்தப்பட்டது. உங்கள் தம்பி திரும்பவும் திறந்திருக்கும் ஒரு சின்ன இடுக்கு வழியாக உள்ளே போயிருக்கிறான். அவனுக்குப் பின்னால் வரப்போகும் பிள்ளைகளையும் நினைத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை சில. மேடை வேண்டாம் என்றதும் "அப்ப போட்டோவாவது தா, பதாகையில போடுறம்" என்று கேட்பார்கள். அதுவும் வேண்டாம். இந்தியாவில் 2019 தேர்தலின்போது படைவீரர்களின் படங்களைப் பிரசாரத்தில் போட வேண்டாம் என்று அங்குள்ள தேர்தல் ஆணையம் கட்சிகளுக்கு அறிவுறுத்த வேண்டி வந்தது, அந்த அளவுக்கு இது கைமீறும். நம் நாட்டிலும் தேர்தல் காலத்தில் அரசுச் சொத்தைக் கட்சிப் பிரசாரத்துக்குப் பயன்படுத்துவதைத் தடுக்கும் அதிகாரத்தை அரசியலமைப்பே தேர்தல்கள் ஆணைக்குழுவுக்குக் கொடுத்திருக்கிறது. சீருடை அரசு கொடுத்த உடுப்பு என்பதை நினைவில் வையுங்கள். முகப்புத்தகத்தில் கட்சிப் பதிவைப் பகிர்வது, வாட்ஸப் குழுவில் மாமாவுக்கு ஆதரவு கேட்பது, இரண்டும் மேடைக்குச் சமம்தான். தம்பியின் முகப்புப் படத்தில் சீருடை இருந்தால் அது இன்னும் மோசம்.

குடும்ப விஷயங்களில் இந்த அளவுக்குப் பயப்பட வேண்டாம். கல்யாண வீட்டில், செத்த வீட்டில், புனித லூசியாள் பேராலயத் திருவிழாவில் மாமாவும் அவருடைய கட்சித் தலைவரும் இருந்தால் தம்பி ஓடி ஒளியத் தேவையில்லை. யாராவது கொடியோடு சேர்ந்து படம் எடுக்கக் கூப்பிட்டால் விலகி நின்றால் போதும். தெரியாமல் எடுத்த படம் ஏதாவது ஏற்கெனவே வெளியே வந்திருந்தால், அதை எடுக்கச் சொல்லிவிட்டு, மேலதிகாரி வேறு யாரிடமிருந்தாவது கேள்விப்படுவதற்கு முன்பு தம்பியே போய்ச் சொல்லிவிடட்டும். மறைத்து வைத்து மாட்டுப்படுவதுதான் பெரும்பாலும் சிறிய தவறைப் பெரிதாக்குகிறது.

மே தினத்தன்று பாதுகாப்புக் கடமைக்குப் போட்டால் அது வேறு. அது கட்டளை, செய்துதான் ஆக வேண்டும். ஆனால் கடமைக்கும் காட்சிக்கும் நடுவே உள்ள கோடு எவ்வளவு மெல்லியது என்பதற்கு ஒரு உதாரணம். 2020 ஜூன் 1இல் வெள்ளை மாளிகைக்குப் பக்கத்தில் ஜனாதிபதி டிரம்ப் படம் எடுக்க நடந்து போனபோது, அமெரிக்காவின் அதியுயர் படை அதிகாரி மார்க் மில்லி போர்ச் சீருடையில் கூடவே நடந்தார். பத்து நாள் கழித்து, தான் அங்கே இருந்திருக்கக் கூடாது என்று பகிரங்கமாக ஒப்புக்கொண்டார். அவரும் அங்கே எதுவும் பேசவில்லை.

மாமாவிடம் நீங்கள் போய்ச் சொல்ல வேண்டாம், தம்பியே போகட்டும். மே தினத்துக்கு ஒரு கிழமைக்கு முன்பே, தனியாக, வீட்டில் வைத்து. "மாமா, நான் சேர்ந்தபோது சத்தியம் செய்து கொடுத்தேன். அதை மீறினால் என் வேலை போகும், உங்கள் பெயரும் கெடும். சேவை முடிந்து வந்த பிறகு நீங்கள் கூப்பிடும் எந்த மேடைக்கும் வருவேன்" என்று சொல்லலாம். கடைசி வசனம் வெறும் சமாளிப்பு இல்லை. ஓய்வுபெற்றவர்கள் கட்சியில் சேரலாம், தேர்தலில் நிற்கலாம். இராணுவத்திலிருந்து லெப்டினன்ட் கேர்ணலாக விலகிய கோட்டாபய ராஜபக்ஷ 2019இல் ஜனாதிபதியாகவே ஆனார். வளர்த்த மனிதர், பொடியனின் சோறு போகும் என்று தெரிந்தால் வற்புறுத்த மாட்டார் என்றே நம்புகிறேன்.

இன்னொன்று. மேடைக்குப் போகாவிட்டாலும் வாக்கை விட்டுவிட வேண்டாம். முப்படையினருக்குத் தபால் மூல வாக்களிப்பு உண்டு. அதற்கு முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும், தேர்தல் அறிவித்த பிறகு அதற்குக் கிடைக்கும் நாட்கள் குறைவு. தபால் வாக்கு அனுமதி வந்துவிட்டால் பிறகு கொட்டாஞ்சேனை வாக்குச்சாவடிக்கு வந்து வாக்களிக்க முடியாது என்பதையும் தம்பியிடம் சொல்லி வையுங்கள்.