கவர்ச்சிப் பொறியில் ஆண் அந்துப்பூச்சிகள் மட்டும் விழுவது ஏன்?

மட்டக்களப்பின் படுவான்கரையில் சோளன் செய்கிறீர்கள், சோளனைத் தின்னும் படைப்புழுவின் அந்துப்பூச்சியைப் பிடிக்க வைத்த பெரமோன் (கவர்ச்சி வாசப்) பொறியில் ஆண் பூச்சிகள்தான் விழுகின்றன, பெண்ணுக்கும் உணர்கொம்பு இருக்கும்போது அது ஏன் வருவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள். நல்ல கேள்வி. இதற்கான பதில் தெரிந்தால் பொறியை நம்பி ஏமாற மாட்டீர்கள்.

பொறியில் தொங்கும் இறப்பர் துண்டில் இருப்பது பெண் பூச்சியின் வாசம். இரவில் பெண் தன் வயிற்று நுனிச் சுரப்பியிலிருந்து அதை விடும். காற்றோடு வரும் அந்த வாசத்தைப் பிடித்து, எதிர்க்காற்றில் வளைந்து வளைந்து பறந்து வருவது ஆண்தான்.

கையில் எடுத்துப் பார்த்தால் இரண்டின் உணர்கொம்பும் ஒரே மாதிரி மெல்லிய நூல்தான். இலத்திரன் நுணுக்குக்காட்டியில் வைத்தால்தான் கதை மாறும். மேற்பக்கத்தைச் செதில்கள் மூடியிருக்கும். கீழ்ப்பக்கத்தில் பல வகை உணர்மயிர்கள். ஆணில் நீளமான மயிர்கள் அதிகம், பெண்ணின் வாசத்துக்கு ஒதுக்கப்பட்டவை அவைதான். ஒவ்வொரு மயிரின் சுவரிலும் நுண்துளைகள் உண்டு. வாச மூலக்கூறு துளை வழியே உள்ளே போகும், ஆனால் அது எண்ணெய்த் தன்மையுள்ளது, உள்ளிருக்கும் நீர்த்தன்மையான திரவத்தில் எளிதில் கரையாது. அதற்கென்றே உள்ள ஒரு புரதம் அதைப் பிடித்து நரம்பு வரை கொண்டுபோய்ச் சேர்க்கும். அப்புறம் நொதிகள் அதைச் சிதைத்துவிடும். சிதைக்காவிட்டால் பழைய வாசமே மணந்துகொண்டிருக்கும், வாசம் இப்போது இருக்கிறதா விட்டுப்போனதா என்று ஆணுக்குத் தெரியாது, வழியும் தவறிவிடும். எனக்கு இந்த ஏற்பாடு எப்போதும் வியப்புத்தான்.

பெண்ணின் கொம்பும் சும்மா இல்லை. அதற்கு வேண்டியது முட்டையிட நல்ல பயிர். பயிரின் மணத்தை உணரும் மயிர்கள் இரண்டு பாலிலும் உண்டு, பெண் அவற்றைக் கொண்டுதான் உங்கள் சோளனைத் தேடி வருகிறது. ஈரப்பதம், வெப்பம், தொடுகை, சுவை இவற்றுக்கும் தனித்தனி மயிர்களும் முட்களும் இருக்கின்றன.

சரி, வயலுக்கு வருவோம். 2018 கடைசியில் பெரும்போகச் சோளனில் இந்தப் புழு அம்பாறைப் பக்கம் பரவியபோது பட்ட பாடு நம் பகுதியில் பலருக்கு நினைவிருக்கும். பொறி நிறைய ஆண் விழுந்தாலும் மிஞ்சிய ஆண்கள் பல பெண்களோடு சேரும். ஏற்கனவே சேர்ந்த பெண் பொறியைத் திரும்பியும் பார்க்காமல் முட்டையிடும், ஒரு குவியலிலேயே நூறு, இருநூறு முட்டை. அதனால் பொறியை அடக்கும் கருவியாக நினைக்க வேண்டாம். பூச்சி வந்துவிட்டது என்று சொல்லும் கருவி அது. ஆண் விழத் தொடங்கினால் அடுத்த நாளே இளம்பயிரில் இறங்கி, இலையின் அடிப்பக்கத்தில் செதில் மூடிய முட்டைக் குவியலையும் குருத்தையும் பாருங்கள். குவியலைக் கண்டால் கையாலேயே நசுக்கிவிடலாம். இரண்டு மூன்று நாளில் முட்டை பொரித்துவிடும், தள்ளிப்போட நேரமில்லை.

இன்னொன்று. நெருங்கிய இனங்களின் வாசமும் ஓரளவு ஒத்திருப்பதால் வேறு அந்துகளும் பொறியில் விழும். படைப்புழு ஆணின் முன்சிறகு நுனியில் வெள்ளைத் திட்டு இருக்கும், அதைப் பார்த்து எண்ணுங்கள்.