கடை ஒப்பந்தக் கடிதத்தில் 'டெர்மினேட்' என்று எழுதலாமா?

ஐயா, வணக்கம். கீழமாசி வீதிக் கடையின் வாடகை ஒப்பந்தம் மார்ச்சோடு முடிகிறது, புதுப்பிக்க விருப்பமில்லை என உரிமையாளருக்கு எழுதும் ஆங்கிலக் கடிதத்தில் 'டெர்மினேட்' என்று போடலாமா எனக் கேட்டிருந்தீர்கள். வேண்டாம் என்பதே என் கருத்து. எல்லையைக் குறிக்கும் 'டெர்மினஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து பிறந்த இவ்வினைக்கு (ரோமானியர் அப்பெயரில் ஓர் எல்லைத் தெய்வத்தையே வைத்து, பிப்ரவரி 23 அன்று விழா எடுத்தனர்), பாண்டியன் எக்ஸ்பிரஸ் மதுரையோடு நின்றுவிடுவதைச் சொல்லும்போது கடுமை ஏதுமில்லை. ஆனால் ஒப்பந்தத்தையோ வேலையையோ பற்றி எழுதுகையில், கெடுவுக்கு முன்பே ஒரு தரப்பு முறித்துக்கொள்வதையே அது பெரும்பாலும் உணர்த்தும். கெடு தானாக முடிவதற்கு 'எக்ஸ்பயர்' என்பதே பொருத்தம். இடையில் காலி செய்வதானால் மட்டும், ஒப்பந்தத்திலுள்ள நோட்டீஸ் விதியைச் சுட்டி 'டெர்மினேட்' என எழுதுங்கள்.