கோட்டுத்துண்டுகள் வெட்டும் இடங்களை ஸ்வீப் லைன் முறை எப்படி விடுபடாமல் காண்கிறது?

துண்டுகளை இரண்டிரண்டாகச் சேர்த்த எல்லா இணைகளையும் ஒப்பிடாமல், எந்த வெட்டுப்புள்ளியும் விடுபடவில்லை என்று எப்படி உறுதி கூறமுடியும் என்பதே கேள்வி. 10,000 துண்டுகளுக்கு இணைகள் ஏறத்தாழ 5 கோடி. பெரும்பாலும் அவற்றுள் பல ஒன்றையொன்று நெருங்குவதே இல்லை.

ஒரு செங்குத்துக் கோடு இடமிருந்து வலமாக நகர்வதாகக் கொண்டு, அது அந்தந்தக் கணத்தில் தொடும் துண்டுகளை மேலிருந்து கீழாக ஒரு சமநிலை மரத்தில் (விரைவாகத் தேடவும் சேர்க்கவும் நீக்கவும் உதவும் தரவு அமைப்பில்) வரிசையாக வைத்திருக்க வேண்டும். இரு துண்டுகள் வெட்டிக்கொள்வதற்குச் சற்று முன்பு அவ்வரிசையில் அடுத்தடுத்து நின்றே ஆகவேண்டும் என்பதால், புதிதாக அண்டையாகும் இணைகளை மட்டும் சோதித்தால் போதும். (பல துண்டுகள் ஒரே புள்ளியில் சந்திப்பதைத் தனியே கையாள வேண்டும்.) வரிசை மாறுவது துண்டு தொடங்கும், முடியும், வெட்டும் இடங்களில் மட்டுமே ஆகையால், கோடு அப்புள்ளிகளுக்குத் தாவித் தாவியே செல்கிறது.

1979-இல் பென்ட்லியும் ஆட்மனும் வெளியிட்ட இம்முறைக்கு, துண்டுகளின் எண்ணிக்கை n, வெட்டுகளின் எண்ணிக்கை k எனில், (n + k) × log n அளவில் நேரம் ஆகும். ஏறக்குறைய எல்லாமே வெட்டிக்கொண்டால் எளிய ஒப்பீடே மேல்.

உண்மையான தொல்லை மென்பொருளில்தான் தொடங்குகிறது. கணக்கிட்ட வெட்டுப்புள்ளி மிதவைப் புள்ளி எண்ணாக (கணினி குறிப்பிட்ட இலக்கங்களோடு மட்டும் சேமிக்கும் தசம எண்ணாக) சுருங்கும்போது இம்மியளவு நகர்ந்துவிடும். அதனால் மரத்தின் வரிசை உண்மையோடு முரண்பட்டு, நிரல் தவறான விடை தரலாம், நின்றும் போகலாம். மிகச் சிறு எண்ணைச் சகிப்பளவாக வைத்து, அதைவிடக் குறைந்த வேறுபாடுகளைப் புறக்கணித்துச் சமாளிப்பது, என் கருத்தில், பிழையை ஒத்திப்போடுவதே. சீகால் (CGAL) என்ற வடிவியல் நிரல் நூலகத்தில் உள்ளதுபோல் துல்லியமான எண்கணிதத்தால் ஒப்பீடுகளைத் தீர்மானிப்பதே பாதுகாப்பானது.